போத்துக்கீசன் தராமல் போன சட்டை

மே 4, சனி

ஹீட்டர் திருத்த வந்தவர் தையல் அறைக் கதவைத் திறந்துவிட்டு, "சொறி மேட்" என்று திரும்ப மூடிவிட்டார். உள்ளே யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார். நின்றது என் பொம்மை. என்னுடைய ஒன்பதாவது டப்ளட்டைப் போட்டுக்கொண்டு, தலையில்லாமல்.

அவருக்கு விளங்கப்படுத்தினேன். நானூற்று நாற்பது வருடத்துக்கு முந்தி ஐரோப்பாவில் ஆம்பிளைகள் போட்ட மேற்சட்டை இது. உடம்போடு ஒட்டி இடுப்போடு நிற்கும், கழுத்திலிருந்து தொப்புளுக்குக் கீழே வரை பொத்தான். ஒரு ஸ்பானியத் தையற்காரர் அச்சடித்து விட்டுப்போன வெட்டுப்படத்தைப் பார்த்து நானே வெட்டி, கையால் தைப்பது. பொறுமையாகக் கேட்டார். இதுதான் வேலையா என்றார். இல்லை, வேலை பஸ்களுக்கு நேரசூசி போடுவது என்றேன். அதற்குத்தான் கூடுதலாகப் பரிதாபப்பட்டார்.

மனைவி சோதி குசினிக்குள் சமைத்தபடி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். மகளின் கலியாணத்துக்கு முதல் அந்த அறையை ஒதுக்க வேணுமாம். சிட்னியிலிருந்து வருகிற சம்பந்தி ஆட்களை அந்தத் தலையில்லாத மனிசனோடை படுக்க விடேலாதாம்.

மே 5, ஞாயிறு

பதினொரு வருடமாகத் தைக்கிறேன். பழைய வாள்சண்டை பழகுகிற கழகத்தில் கிரஹாமும் கூட்டாளிகளும் என் சட்டைகளைப் போட்டு, வேர்த்து, கமக்கட்டைக் கிழித்துத் திருப்பித் தந்திருக்கிறார்கள். எங்கள் ஆள் ஒருவர் போட்டதில்லை.

நான் போட்டேன், ஒரேயொரு தடவை. கோயில் மண்டபத்தில் கலைவிழா. விழாவை நடத்திய சேகர் அண்ணை ஓடி வந்து என் கையைப் பிடித்து, "நீங்கள் எத்தினையாம் காட்சி?" என்று கேட்டு, மேக்கப் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அங்கே கூத்து ராசா ஒருவர் எனக்கு எழும்பிக் கதிரை தந்தார். மகள் நிவேதிகாவுக்கு அப்போது பதினேழு வயது. காரில் வீடு வரும் வரை முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு இருந்தாள். அன்றிலிருந்து எங்கள் சனம் கூடுகிற இடத்துக்கு நான் சாதாரண கோட்தான்.

ஆனால் ஒரு கேள்வி எனக்கு ஆறுவதில்லை. நாங்கள் காலுக்குப் போடுகிற களிசான் என்ற சொல் ஆருடையது? போத்துக்கீசனுடையது. சப்பாத்து, சப்பாத்துக்குள் போடுகிற மேசு, முகம் துடைக்கிற லேஞ்சி எல்லாம் அவன் விட்டுப்போனவை. பொத்தான்கூட அவனுடையதுதான். நானூறு வருடமாக வெட்கமில்லாமல் போடுகிறோம். பொத்தானை வாங்கியவர்கள் அந்தப் பொத்தான் தைக்கிற சட்டையை மட்டும் ஏன் வாங்காமல் விட்டோம்? அந்தக் காலத்தில் ஸ்பெயினுக்கும் போர்த்துக்கலுக்கும் ஒரே ராசா. அவன் சட்டைதான் இவன் சட்டை. இதை நான் கேட்காத ஆள் இல்லை. கேட்டவுடனே எல்லாருக்கும் ஓர் அவசர வேலை வந்துவிடுகிறது.

எனக்கு வேறொன்றும் வேண்டாம். ஒருதரம், எங்கள் சனத்துக்கு முன்னால், எங்கள் ஆள் ஒருவர் வெட்கப்படாமல் இதைப் போட்டு நடக்க வேண்டும்.

செப்டெம்பர் 8 கலியாணம். பின்னேரம் வரவேற்பு. மாப்பிள்ளை! இதை ஏன் நான் முதலே யோசிக்கவில்லை?

மே 9, வியாழன்

நிவேதிகாவிடம் சொன்னேன். "அப்பா. நோ." போடப்போவது அவர், நீ இல்லை என்றேன். சரி, அவரையே கேளுங்கோ என்று விட்டாள்.

மாப்பிள்ளை சுபாங்கனுக்கு போன் எடுத்தேன். "ஓம் மாமா." நல்ல பட்டில் தைக்கிறேன் தம்பி. "ஓம் மாமா." வரவேற்புக்கு. "ஓம் மாமா, ஓம்." நாலு தரம் ஓம். இதற்கு மேல் ஒரு சம்மதம் உண்டா? நிவேதிகா சொல்கிறாள், நாலு தரம் சொன்னால் அது பயமாம்.

மே 12, ஞாயிறு

நார்த்மீட் போன் எடுத்தார். சுபாங்கனின் தகப்பன், அரியரத்தினம். சிட்னி நார்த்மீட்டிலிருந்து உலகத்தை மேற்பார்வை செய்கிற மனுசன். பாங்கில் மனேஜராக இருந்து ஓய்வெடுத்தவர், இப்போதும் லோன் விண்ணப்பத்தை நிராகரிப்பதுபோலத்தான் மெதுவாகக் கதைப்பார்.

சட்டை நல்ல விசயமாம். ஆனால் பிள்ளைக்கு வேர்க்குமாம். செப்டெம்பர்க் குளிரில், மெல்பேர்னிலா? பிறகு, தங்கள் பக்கத்து ஆட்கள் கொஞ்சம் பழமையான ஆட்கள் என்றார். 1580-ஐவிடப் பழமையாக என்ன வேண்டும் இவருக்கு?

வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை. சம்பந்தி சம்பந்திக்கு வேண்டாம் சொல்லமாட்டார். அவர் பிடித்த சமையல்காரரைப் பற்றி நானும் ஒன்றும் சொல்லவில்லையே.

மே 18, சனி

சுபாங்கனுக்கு அளவு நாடா தபாலில் போட்டேன். அந்தக் காலத்துத் தையற்காரரிடம் இலக்கம் போட்ட டேப் இல்லை. ஆளுக்கு ஒரு நீளக் கடுதாசிக் கீலம். நுனியைப் பிடித்துச் சுற்றி, நெஞ்சுக்கு ஒரு வெட்டு, வயிற்றுக்கு இரட்டை வெட்டு, கைக்கு முக்கோண வெட்டு. அந்தக் கீலம்தான் ஆள். படம் கீறி, அம்புக்குறி போட்டு, விளக்கமும் வைத்து அனுப்பினேன். வட்ஸ்அப்பில் இன்ச் கேட்டால் என்ன என்கிறாள் நிவேதிகா. இன்ச் பிழைக்கலாம், கீலம் பிழைக்காது. முறை என்றால் முறை.

ஜூன் 3, திங்கள்

கீலம் திரும்பி வந்தது. மேசையில் விரித்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன்.

வயிற்று வெட்டு நெஞ்சு வெட்டைத் தாண்டிப் போயிருக்கிறது. கொஞ்சம் அல்ல, ஒரு சாண். என்னைச் சுற்றிப் பிடித்துப் பார்த்தேன், எனக்கே தொளதொளத்தது. கையும் கட்டை. தை மாசம் நிச்சயத்துக்குப் பெரிய குர்தா போட்டு வந்தபோதே நான் யோசித்திருக்க வேண்டும்.

ஜூன் 4, செவ்வாய்

சுபாங்கன் சாப்பாடு எப்படி என்று நிவேதிகாவிடம் மெல்லக் கேட்டேன். ஆறு மணிக்குப் பிறகு வாயில் ஒன்றும் வைக்கமாட்டாராம், ஞாயிற்றுக்கிழமைகளில் இருபது கிலோமீற்றர் ஓடுவாராம். பாவம் பிள்ளை, நம்புகிறாள்.

ஜூன் 9, ஞாயிறு

வீடியோவில் சுபாங்கனோடு கதைத்தோம். முகம் மெலிவுதான். சிலருக்கு முகத்தில் வைக்காது. எனக்கும் அப்படித்தான் என்றேன். இல்லை என்றாள் சோதி.

போனை கொஞ்சம் கீழே இறக்கிப் பிடியுங்கோ தம்பி என்று எப்படிக் கேட்பது?

ஜூன் 15, சனி

மனதைத் தேற்றிக்கொண்டேன். உண்மையில் இது அதிர்ஷ்டம். அந்தக் காலத்துக் கனவான்களுக்கு வயிறு முன்னுக்குத் தள்ளி நிற்பதுதான் நாகரிகம். அதற்காகச் சட்டைக்குள் பஞ்சும் தவிடும் அடைத்தார்கள். ஸ்பெயின்காரன் தவிடு அடைத்துப் பெற்ற வயிற்றை மருமகன் சோறு அடைத்துப் பெற்றிருக்கிறார். எனக்கு வேலை மிச்சம்.

மலிவுத் துணியில் ஒரு மாதிரிச் சட்டை தைத்துப் பொம்மைக்குப் போட்டேன். பொம்மைக்கு அவ்வளவு வயிறு இல்லை. ஒரு தலையணையும் அதற்கு மேல் ஐந்து கிலோ சம்பா அரிசிப் பையும் கட்டினேன். சோதி அரிசியைத் தேடிக்கொண்டு வந்து, கதவடியில் நின்று கனநேரம் பார்த்தாள். "இந்த வயித்தை நான் எங்கையோ கண்டிருக்கிறன்" என்றாள். எங்கே என்று அவளுக்கு ஞாபகம் வரவில்லை. இரவுச் சாப்பாடு சோறில்லை, பாண்.

ஜூன் 22, சனி

பட்டு கிடைத்துவிட்டது. வீட்டிலேயே.

நிச்சயத்துக்குச் சம்பந்தி அம்மா சோதிக்குத் தந்த காஞ்சிபுரம். கத்தரிப்பூ நிறம், நாலு விரல் அகலச் சரிகைக் கரை. அந்த நிறம் தனக்குச் செத்தவீட்டுக்கும் உடுக்கேலாது என்று சோதி அன்றே அலுமாரியின் அடியில் வைத்துவிட்டாள். இன்று தானாகவே கொண்டுவந்து மேசையில் போட்டாள். "வெட்டுங்கோ. அவைக்குச் சீலை மாதிரித் தெரியாமல் வெட்டுங்கோ."

நான் மடிப்பை நீவி, சோக்கால் கோடு கீறினேன். முதல் வெட்டுக்குக் கத்தரிக்கோலை வைக்கும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பிடிக்காத சீலையென்றாலும் சீலைதானே.

ஜூலை 13, சனி

வயிற்றின் வளைவு மூன்று கிழமை தின்றுவிட்டது. இரண்டு முன்பக்கத்தையும் வெளியே வளைத்து வெட்டி, உள்ளே விறைப்புத் துணி வைத்து, அதை மாவிடிக்கிற உரலில் கவிழ்த்துப் பிடித்துத் தைத்தேன். இப்போது அந்த வயிறு எனக்கு மனப்பாடம். கண்ணை மூடினாலும் தெரிகிறது.

சோதியோடு ஒரு சண்டை. சீலைச் சட்டை தைக்கிறவர்கள் மாதிரி உள்ளுக்கை துணி விட்டுத் தையுங்கோ, ஆள் பெருத்தால் பிரிச்சு விடலாம் என்றாள். அந்த ஸ்பானியத் தையற்காரர் ஒரு நூல்கூட வீணாக விடவில்லை, நானும் விடமாட்டேன் என்றேன். ஆள் இதற்கு மேல் பெருக்க இடமேது? சரி, உங்கட விருப்பம் என்று போய்விட்டாள்.

ஜூலை 14, ஞாயிறு

விட்டேன். பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம். சோதிக்குச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

முப்பத்திரண்டு பொத்தான்கள். எல்லாவற்றுக்கும் பட்டுநூல் சுற்றியாயிற்று. சீலைக் கரை நெஞ்சு நெடுக இறங்கி, வயிற்றில் ஏறி இறங்கி நிற்கிறது. நான் தைத்ததில் இதுதான் திறம். இன்றைக்கு மூன்று தரம் அறைக்குள் போய்ச் சும்மா பார்த்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு. சிட்னி எயார்ப்போட்

பிளேன் பிந்துது. இருந்து எழுதுறன். எழுத்துக் கோணுது, கோணட்டும்.

நார்த்மீட்டிலை தாலிக்குப் பொன்னுருக்கல் நல்லபடி முடிஞ்சுது. பொன்னும் உருகினது, நானும் உருகினன்.

எல்லாரும் தொட்டுக் கும்பிட்டாப்பிறகு, சாப்பாட்டுக்கு முதல், சட்டையை வெளியிலை எடுத்தன். சுபாங்கன் ஓம் மாமா எண்டு வாங்கிப் போட்டார். போட்ட உடனை விளங்கிட்டுது. அதுக்குள்ளை இன்னொரு சுபாங்கன் தாராளமா நிக்கலாம். சட்டையின்ரை வயிறு அவருக்கு முன்னாலை தனியப் போய் நிண்டுது. கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழை முடிஞ்சுது. ஹோலுக்குள்ளை இருபது பேர். ஒருத்தரும் சிரிக்கேல்லை. சிரிச்சிருந்தால் தாங்கியிருப்பன்.

அந்த நேரம் பாத்து சம்பந்தி அம்மா கிட்ட வந்து கரையைத் தடவினா. "இது நான் சோதி அக்காவுக்கு எடுத்த சீலையெல்லோ" எண்டா. சோதி பலகாரத் தட்டைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள்ளை போயிட்டா. என்னை விட்டிட்டு!

தம்பி, நீர் கீலத்தைச் சரியாத்தானே வெட்டினனீர் எண்டு கேட்டன். அவர் தன்ரை தேப்பன் அரியரத்தினத்தைப் பாத்தார். தேப்பன் யன்னலைப் பாத்தார். பாக்கிறதுக்குப் பக்கவாட்டிலை திரும்பினார். அப்ப கண்டன்.

அந்த வயிறு. ரெண்டு மாசம் நான் அதோடைதான் சீவிச்சனான். எங்கை துவங்கும், எங்கை திரும்பும் எண்டு எனக்குத் தெரியாதோ? கீலம் என்ரை பொக்கெற்றுக்குள்ளை கிடந்தது. நேரை போய், எல்லாருக்கும் முன்னாலை, ஆளைச் சுத்திப் பிடிச்சன். நுனியும் இரட்டை வெட்டும் அச்சொட்டாப் பொருந்திச்சுது.

"கோவிக்காதேங்கோ சம்பந்தி" எண்டார் மெதுவா. "உங்களுக்கு எப்பிடி வேண்டாம் எண்டு சொல்லுறது? தம்பியும் சொல்லமாட்டான். என்ரை அளவை அனுப்பினால் அவனுக்குப் பொருந்தாது, கதை தன்பாட்டிலை முடிஞ்சிடும் எண்டு நினைச்சன்."

எனக்கு வந்த கோவத்துக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை. கழட்டும் தம்பி எண்டன். சட்டையை வாங்கி நார்த்மீட்டிட்டை நீட்டினன். "நீங்கள் போடுங்கோ."

நல்ல நாள், சம்பந்தி கேட்டால் மறுக்கேலாது. அந்த விதி அவருக்கும் இருக்குத்தானே. போட்டார். நான்தான் பொத்தான் பூட்டினன், கோவத்திலை, கீழையிருந்து மேலை. பாதி வழியிலை கோவம் குறையத் துவங்கிட்டுது. முப்பத்திரண்டாவதைப் பூட்டிட்டுத் தள்ளி நிண்டு பாத்தன். ஒரு சுருக்கம் இல்லை. ஒரு இழுவை இல்லை. கை மணிக்கட்டிலை நிண்டுது. பதினொரு வருசத்திலை இப்பிடி ஒண்டு எனக்கு வந்து பொருந்தினதில்லை.

ஆள் கண்ணாடிக்கு முன்னாலை போய் நிண்டார். நிண்டுகொண்டே இருந்தார். பிறகு ஆருக்கும் இல்லாமல் சொன்னார். "வயித்துக்குப் பாத்து எடுத்தால் கை விரலை மூடும். கைக்குப் பாத்தால் பொத்தான் பூட்டேலாது. முப்பது வருசமா இந்த நாட்டிலை நான் கையை மடிச்சு விட்டுக்கொண்டுதான் திரியிறன்."

சம்பந்தி அம்மா சீலையைப் பாத்தா, மனிசனைப் பாத்தா. "போகவேண்டிய இடத்துக்குத்தான் போயிருக்கு" எண்டா. சோதி தட்டோடை திரும்பி வந்தா.

அவர் அதோடையே இருந்து சாப்பிட்டார். மடியிலை ரெண்டு லேஞ்சி விரிச்சு.

சரி. வீட்டுக்குள்ளை ஆரும் போடுவினம். சபைக்கு வருமோ? வராது. மாப்பிள்ளை இனிக் கறுப்புக் கோட்தான். சட்டையை அங்கையே விட்டிட்டு வந்திட்டன். அழுகை வருது, எயார்ப்போட்டிலை இருந்து அழேலாது.

ஆகஸ்ட் 24, சனி

சுபாங்கன் கறுப்புக் கோட் எடுத்துவிட்டாராம். படம் அனுப்பினார். நன்றாகத்தான் இருக்கிறது. "சொறி மாமா" என்று கீழே எழுதியிருந்தார். நல்ல பிள்ளை. மெலிந்த பிள்ளையும்கூட.

தையல் அறையை ஒதுக்கினேன். பொம்மை கராஜில்.

ஆகஸ்ட் 28, புதன்

நார்த்மீட் போன் எடுத்தார். மண்டப அலங்காரம் பற்றிக் கதைத்துவிட்டு, அந்தப் பொத்தான்கள் மேலேயிருந்து பூட்டுவதோ கீழேயிருந்தோ என்று கேட்டார். சும்மா அறியத்தானாம்.

செப்டெம்பர் 3, செவ்வாய்

திரும்பவும் போன். சட்டைக்குக் கீழே அந்தக் காலத்தில் என்ன போட்டார்கள்? சும்மா அறியத்தான். கறுப்புக் களிசான் போதும் என்றேன். வாய் நிற்கவில்லை, களிசான் ஆருடையது என்பதில் தொடங்கி லேஞ்சி, மேசு, பொத்தான், இரண்டு நாட்டுக்கு ஒரு ராசா என்று முழுவதையும் சொல்லி முடித்தேன். மறுபக்கம் சத்தமே இல்லை. கட்டாகிவிட்டதாக்கும் என்று இரண்டு தரம் ஹலோ சொன்னேன். "நிக்கிறன், சொல்லுங்கோ" என்றார்.

கடைசிவரை கேட்ட முதல் ஆள். அதுவும் அவர்.

செப்டெம்பர் 9, திங்கள்

நேற்று நிவேதிகாவின் கலியாணம் முடிந்தது. தாலி ஏறியது, எல்லாம் நிறைவு. அதையெல்லாம் வீடியோக்காரர் வைத்திருக்கிறார். நான் எழுதவேண்டியது பின்னேரத்தைப் பற்றி.

மண்டபத்தில் முந்நூற்றைம்பது பேர். மைக்கில் மாப்பிள்ளையின் பெற்றோரைக் கூப்பிட்டார்கள். கதவு திறந்தது. சம்பந்தி அம்மா சிவப்புச் சீலையில். பக்கத்தில் கத்தரிப்பூ நிறப் பட்டு, நெஞ்சு நெடுகச் சரிகை, முப்பத்திரண்டு பொத்தானும் பூட்டி, அந்த வயிற்றை நானூற்று நாற்பது வருடத்துக்கு முந்திய கனவான் மாதிரி முன்னுக்கு விட்டு, மெதுவாக நடந்து வந்தார். யாருக்கும் அவசரப்படவில்லை. சோதி என் கையைப் பிடித்தாள், அல்லது நான் அவள் கையைப் பிடித்தேன்.

சேகர் அண்ணை விட்டாரா? ஓடிப்போய்க் கையைப் பிடித்தார். "நீங்கள் எத்தினையாம் காட்சி?"

"நான் மாப்பிள்ளையின்ரை தேப்பன்" என்றார் அரியரத்தினம், லோன் நிராகரிக்கிற அதே குரலில். "நீங்கள் போட்டிருக்கிற களிசான் ஆருடையது எண்டு தெரியுமோ?"

என்னுடைய கேள்வி! ஒரு சொல் மாற்றவில்லை, என் பெயரும் சொல்லவில்லை. சேகர் அண்ணையின் கையையும் விடவில்லை. அவருக்கு வந்த அவசர வேலை ஒன்றும் அன்று பலிக்கவில்லை. பிறகு மேசை மேசையாகப் போய் அதையே சொன்னார். நாலாவது மேசையில் போத்துக்கீசன் ஒல்லாந்தனாகிவிட்டான். திருத்தப் போனேன். மணப்பெண் கோலத்தில் நிவேதிகா என் கையை எட்டிப் பிடித்தாள். வழக்கமாக இங்கிலிசில் சொல்லுகிறவள், "விடுங்கோ அப்பா. வடிவா இருக்குது" என்றாள்.

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. மகள் போகிறாள் என்று தகப்பன் அழுகிறார் என எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். அதுவும்தான்.

செப்டெம்பர் 29, ஞாயிறு

வீடு வெறிச்சென்று இருக்கிறது. பொம்மையைக் கராஜிலிருந்து எடுத்துவந்து பழைய இடத்தில் விட்டேன். சோதி அதில் தூசி தட்டிவிட்டாள்.

பின்னேரம் அரியம் போன் எடுத்தார். பிள்ளைகள் சுகமாம். சிட்னியில் அவருடைய அண்ணனின் எழுபதாவது பிறந்தநாள் வருகிறதாம், சனம் எல்லாம் சட்டையைப் பார்க்கக் கேட்கிறதாம். பிறகு கொஞ்சநேரம் இருமினார். கலியாணத்துக்குப் பிறகு நாலு வீட்டு விருந்து. "நடுவிலை அஞ்சு பொத்தான் பூட்டேலாமல் கிடக்கு. உள்ளுக்கை துணி கிணி விட்டிருக்கிறியளோ?"

குசினிக்குள் பாத்திரச் சத்தம் நின்றது.

"பக்கத்துக்கு ஒண்டரை அங்குலம்" என்றேன்.

அவர் மூச்சு விட்டது சிட்னியிலிருந்து கேட்டது. அடுத்த சனிக்கிழமை சட்டையோடு வருகிறார்கள். தையல் அறையில் படுப்பதில் தங்களுக்குப் பிரச்சினையில்லையாம்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். சோதி குசினி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அந்த ஸ்பானியர் பெரிய தையற்காரர்தான், ஆனால் அவருக்கு எங்கள் ஆட்களைத் தெரியாது.